நீல் யங்கின் ‘டிரான்ஸ்’: வேலூரில் கேட்டவர்கள் கேட்ட கேள்விகள்

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஞாயிறு சாயங்காலம் நாலைந்து பேர் கூடிப் பழைய ஆங்கில ஆல்பங்கள் கேட்பது வழக்கம். ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்கள், காலேஜ் பசங்கள், லாங் பஜாரில் கடை வைத்திருக்கும் அண்ணன், சர்ச் கொயரில் பாடுகிற அக்கா என்று வருகிறவர்களில் எல்லா வகையும் உண்டு. வேறு எந்த ஆல்பத்துக்கும் வராத சண்டை இந்த ஒன்றுக்கு வருகிறது. சண்டை புதிதாக இருந்தாலும் சந்தேகங்கள் அதேதான். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

இன்னாங்க இது? யாரு பாடுனது, எப்ப வந்துச்சு?

நீல் யங். கனடாக்காரர், 1945ல் டொரண்டோவில் பிறந்தவர், அமெரிக்காவில் வாழ்ந்து பெயர் வாங்கியவர். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுகிற ரகம். ‘டிரான்ஸ்’ 1983 தொடக்கத்தில் கடைக்கு வந்தது. ஜெஃபன் ரெக்கார்ட்ஸ் என்ற கம்பெனிக்கு அவர் மாறியபின் கொடுத்த முதல் ஆல்பம். ஒன்பது பாட்டு.

அதில் பெரும்பாலான பாட்டுகளில் அவர் குரல் மனிதக் குரலாகவே வராது. இந்தப் பக்கம் முழுக்க அதைப் பற்றித்தான்.

நீல் யங்னா கிடாரும் மவுத் ஆர்கனும் தானே அண்ணா? எங்க ஹாஸ்டல்ல மிசோரம் பசங்க வாசிக்கறது அதானே?

அதேதான். வடகிழக்கிலிருந்து இங்கே படிக்க வருகிற பிள்ளைகளில் கிடார் பிடிக்கத் தெரிந்தவர்கள் அவருடைய 1972 பாட்டுகளில் ஒன்றையாவது வாசித்துவிடுவார்கள். அந்த வருஷம் வந்த ‘ஹார்வெஸ்ட்’ அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. மரக் கிடார், மவுத் ஆர்கன், மெலிசாக மேலே ஏறி லேசாக நடுங்கும் குரல். உலகத்துக்குத் தெரிந்த நீல் யங் இவர்தான்.

எலக்ட்ரிக் கிடாரில் காது கிழிய வாசிக்கிற இன்னொரு நீல் யங்கும் உண்டு. கிரேஸி ஹார்ஸ் என்ற குழுவோடு அப்படி வாசிப்பார். ரசிகர்கள் இந்த இரண்டு பேருக்கும் பழகியிருந்தார்கள். மூன்றாவதாக ஒருவர் வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

காட்பாடி ஸ்டேஷன்ல அனவுன்ஸ்மென்ட் குடுக்கிற மாதிரி கீது. கம்ப்யூட்டர் பாடுதா?

இல்லை. காட்பாடியில் நீங்கள் கேட்பது ஒருவர் எப்போதோ பேசிப் பதிவு செய்த துண்டுகள். வண்டி எண் ஒரு துண்டு, ஊர் பெயர் ஒரு துண்டு, நடைமேடை ஒரு துண்டு. கம்ப்யூட்டர் அவற்றைக் கோத்து விடுகிறது. அதனால்தான் சொல்லுக்குச் சொல் நடுவே சின்ன உதறல் இருக்கும். குரல் முழுசாக மனிதக் குரல். ஒட்டுப் போட்டது மட்டும்தான் மெஷின்.

‘டிரான்ஸ்’ஸில் நடப்பது இதற்கு நேர் எதிர். நீல் யங் அந்த நேரத்திலேயே மைக்கில் பாடுகிறார். மைக் போய்ச் சேரும் இடம் வோகோடர் என்ற பெட்டி. சென்ஹைசர் கம்பெனியின் வி.எஸ்.எம். 201. அது உள்ளே வரும் குரலைக் கனத்த ஒலியிலிருந்து கீச்சு ஒலிவரை இருபது பட்டைகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பட்டையிலும் இந்தக் கணத்தில் எவ்வளவு பலம் என்று மட்டும் அளக்கிறது. பிறகு குரலைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த அளவுகளைக் கீபோர்டிலிருந்து வரும் ஒலி மேல் ஏற்றுகிறது. ‘ஆ’ என்றால் வாய் எப்படித் திறக்கிறது, ‘ஈ’ என்றால் எப்படி இழுபடுகிறது என்ற உருவம் பாடகருடையது. சுருதி கீபோர்டு வாசிக்கிறவருடையது. தொண்டையின் கரகரப்பு, மூச்சு, நடுக்கம் எதுவும் மிஞ்சாது.

பெட்டியின் கதை பழையது. 1930களில் அமெரிக்க பெல் ஆய்வுக்கூடத்தில் ஹோமர் டட்லி என்பவர் டெலிபோன் லைனில் குறைந்த இடத்தில் பேச்சை அனுப்புவதற்காகச் செய்தது. இரண்டாம் உலகப் போரில் தலைவர்களின் ரகசியப் பேச்சை அனுப்பப் பயன்பட்டது. பாட்டுக்காரர்கள் கைக்கு அது வெகு தாமதமாகத்தான் வந்தது.

அப்ப இது ஆட்டோட்யூன் தானே? இப்ப எல்லாரும் பண்றது தானே?

இல்லை. ஆட்டோட்யூன் 1997ல் வந்தது. அது பாடகரின் குரலை வைத்துக்கொண்டே சுருதியை மட்டும் நேராக்குகிறது. வோகோடரில் என்ன நடக்கிறது என்று மேலே சொல்லிவிட்டேன். கேட்கக் கொஞ்சம் ஒன்றுபோல இருந்தாலும் வேலை வேறு.

ஒரு வார்த்தையும் புரியலையே. எனக்கு இங்கிலீஷ் அவ்ளோ வராததாலயா?

அதிகம் பேர் கேட்ட கேள்வி இது. கேட்டவர்கள் எல்லோரும் கொஞ்சம் கூச்சத்தோடுதான் கேட்டார்கள். கூச்சமே வேண்டாம், ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்கும் புரியவில்லை. வோகோடரில் உயிரொலி தப்பித்துக்கொள்ளும், மெய்யொலிதான் அடிபடும். ‘ச’, ‘ப’, ‘க’ எல்லாம் சட்டென்று வந்துபோகிற காற்றும் வெடிப்பும். கீபோர்டு ஒலியில் அந்தக் காற்று கிடையாது. மெய் போனால் சொல்லின் எலும்பு போயிற்று. 1983லும் பலர் அட்டையில் அச்சிட்ட வரிகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டார்கள்.

புரியாமல் இருப்பது தற்செயல் இல்லை என்று நீல் யங் பின்னால் சொன்னார். உங்களுக்கு என் வார்த்தை புரியவில்லை அல்லவா, எனக்கு என் மகனின் வார்த்தை அப்படித்தான் புரியவில்லை என்பது அவர் சொன்னதன் சாரம். இதைச் சொன்னதும் எங்கள் அறையில் பேச்சு நின்றுவிடும். அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

பையனுக்கு என்ன?

செரிப்ரல் பால்ஸி. மூளை முடக்குவாதம் என்று ஆஸ்பத்திரி நோட்டீஸில் எழுதுவார்கள். அவருடைய இரண்டு மகன்களுக்கும் அது உண்டு. மூத்தவருக்கு லேசாக, 1978ல் பிறந்த இளையவருக்குக் கடுமையாக. இளையவருக்குக் கை கால் வசமில்லை, வாய்ப்பேச்சும் இல்லை. நீல் யங்கே சின்ன வயதில் போலியோ வந்து பிழைத்தவர்.

80ஐ ஒட்டி ஒன்றரை வருஷம் போல அவரும் மனைவியும் வீட்டிலேயே ஒரு கடுமையான பயிற்சி முறையில் இறங்கினார்கள். பேட்டர்னிங் என்று பெயர். ஆட்கள் சுற்றி நின்று குழந்தையின் கை காலைத் தவழுகிற மாதிரி திரும்பத் திரும்ப அசைக்க வேண்டும். நாளின் பெரும்பகுதி அதற்கே போய்விடும். கச்சேரி, சுற்றுப்பயணம் எல்லாம் ஓரங்கட்டப்பட்டன. 1981ல் வந்த அவருடைய முந்தைய ஆல்பத்தில் ஒரே தாளம் அடித்ததையே அடித்துக்கொண்டிருக்கும். அதற்கு இந்தப் பயிற்சிதான் காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

பேட்டர்னிங்கை இப்ப யாரும் பண்றது இல்லையே சார்?

கேட்டவர் பிசியோதெரபிஸ்ட், கேட்டது சரி. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1982லும் மறுபடி 1999லும் இந்த முறைக்கு ஆதாரம் போதாது, குடும்பத்தின் மேல் தாங்க முடியாத பாரம் வைக்கிறது என்று அறிக்கை விட்டது. நீல் யங் குடும்பமும் அதை விட்டுவிட்டது.

ஆல்பத்துக்கு இதனால் என்ன என்றால், பாட்டுகள் எழுதப்பட்டது அந்தப் பயிற்சி முடிந்த களைப்பில். மாதக்கணக்கில் உழைத்தும் பிள்ளை பேசவில்லை. அடுத்து என்ன என்று தெரியாத ஒருவர் மெஷின்களை வாங்கி வீட்டில் அடுக்கியிருக்கிறார். இந்த ஊரில் அந்த மனநிலையை விளக்கத் தேவையில்லை. பாகாயத்தில் மேரி வர்கீஸ் பெயரிலுள்ள மறுவாழ்வு மையத்துக்குப் போகிற பஸ்ஸில் தினமும் அப்படி நாலு பேராவது உட்கார்ந்திருப்பார்கள்.

இதுல வர்ற ‘டிரான்ஸ்ஃபார்மர் மேன்’ பாட்டு அந்தப் பையனைப் பத்தினதுன்னு எப்படிச் சொல்றீங்க? நான் ஈபி டிரான்ஸ்ஃபார்மர்னு நெனச்சேன்.

நீங்கள் நினைத்ததிலும் பாதி சரி. நீல் யங்குக்குப் பொம்மை ரயில் பைத்தியம் உண்டு. பொம்மை ரயிலுக்குக் கரண்ட் கொடுப்பதும் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர்தான். கை வசமில்லாத மகனும் ரயிலை ஓட்ட வேண்டும் என்பதற்காகப் பெரிய பொத்தான் வைத்த கன்ட்ரோல் ஒன்றைச் செய்தார். உள்ளங்கையோ தலையோ பட்டால் போதும், ரயில் நகரும். இந்த வேலை வளர்ந்து வளர்ந்து, 1990களில் லயனல் என்ற பெரிய பொம்மை ரயில் கம்பெனிக்கே அவர் பங்காளி ஆனார்.

வரிகளைப் படித்துவிட்டுக் கேளுங்கள். ரிமோட் வருகிறது, பொத்தானை அழுத்துவது வருகிறது, அழுத்துகிறவன்தான் எல்லாவற்றையும் நடத்துகிறான் என்று வருகிறது. அந்தப் பையனிடம் பாடகர் கெஞ்சுகிறார். வோகோடர் அவர் குரலை எங்கேயோ மேலே தூக்கி, குழந்தைக் குரலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கிறது. மூன்றரை நிமிஷத்துக்குள் முடிந்துவிடுகிறது. கொயர் பாடுகிற அக்கா முதல் தடவையே சொன்னார்: “இது தாலாட்டு தம்பி, மெட்டைப் பாரு.” வரி தெரியாமல் மெட்டை மட்டும் வைத்துக் கண்டுபிடித்தவர் அவர் ஒருவர்தான்.

மத்த பாட்டெல்லாம் எதைப் பத்தி? ரோபோ கதையா?

மேலாகப் பார்த்தால் ஆமாம். ‘வீ ஆர் இன் கன்ட்ரோல்’ பாட்டில் டிராஃபிக் விளக்கிலிருந்து எல்லாவற்றையும் நாங்கள்தான் கவனிக்கிறோம் என்று மெஷின்கள் கோஷம் போடுகின்றன. சிசிடிவி கேமரா தெருவுக்குத் தெரு வந்துவிட்ட இந்தக் காலத்தில் கேட்டால் சிரிப்பு வராது. ‘கம்ப்யூட்டர் கவ்பாய்’ பகலில் மாடு மேய்த்துவிட்டு ராத்திரி சிஸ்டத்தை உடைக்கிற ஆள். ‘சாம்பிள் அண்ட் ஹோல்ட்’ பாட்டில் உயரம், எடை, முடி நிறம், கண் நிறம் எல்லாம் சொல்லி மெஷின் துணை ஒன்றை ஆர்டர் செய்கிறார்கள். காலேஜ் பசங்கள் இதைக் கல்யாண மேட்ரிமோனி விளம்பரம் என்று சொல்லிச் சிரித்தார்கள். நியாயமான விமர்சனம்தான்.

நீல் யங் மனதில் இவற்றுக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. எலக்ட்ரானிக் குரல் உள்ளவர்கள் எல்லோரும் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் செய்யப் பார்ப்பது ஒன்றே ஒன்று: ஒரு குழந்தைக்குப் பொத்தானை அழுத்தக் கற்றுக்கொடுப்பது. இதை வீடியோவாக எடுக்க ஆசைப்பட்டார். கம்பெனி பணம் தரவில்லை. அந்த வீடியோ வந்திருந்தால் இந்தப் பக்கத்தில் பாதிக் கேள்விகளுக்கு வேலையே இருந்திருக்காது.

நடுவுல திடீர்னு சாதா லவ் சாங் வருது. வேற கேசட்டு மாறிடுச்சா?

மாறவில்லை. கம்பெனி மாறிய புதிதில் அவர் ஹவாய் தீவில் கடல், காற்று, காதல் என்று வேறொரு ஆல்பம் பதிவு செய்தார். அது கம்பெனிக்குப் பிடிக்கவில்லை. அதிலிருந்து மூன்று பாட்டை எடுத்து இந்த மெஷின் பாட்டுகளோடு கலந்துவிட்டார்கள். தொடக்கப் பாட்டு, நடுவில் ‘ஹோல்ட் ஆன் டு யுவர் லவ்’, கடைசியில் பத்து நிமிஷத்தைத் தொடும் ‘லைக் ஆன் இன்கா’. மூன்றிலும் அவர் சொந்தக் குரல்தான்.

என் அபிப்பிராயம், இந்த ஆல்பம் ஆட்கள் மனதில் நிற்காமல் போனதற்கு வோகோடரைவிட இந்தக் கலப்புதான் காரணம். முழுக்க மெஷினாக இருந்திருந்தால் பிடிக்காதவர்கூட இது ஒரு முடிவோடு செய்தது என்று ஒத்துக்கொண்டிருப்பார். இப்போதோ முதல் பாட்டு வழக்கமான பாட்டு. அதைக் கேட்டு நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தவர் மேல் இரண்டாவது பாட்டு வந்து விழுகிறது. ‘இன்கா’ நல்ல பாட்டு. ஆனால் இங்கே அது விருந்தாளி.

கடைக்கார அண்ணன் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார். மனுஷக் குரல் நடுவில் வருவதால்தான் மெஷின் குரலின் குளிர்ச்சி தெரிகிறது என்பார். ‘மிஸ்டர் சோல்’ பாட்டை உதாரணம் காட்டுவார். 1967ல் பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட் குழுவில் இருந்தபோது நீல் யங் பாடிய சொந்தப் பாட்டு அது. இங்கே அதையே மெஷினில் போட்டுத் திரும்பப் பாடுகிறார். அந்த ஒரு பாட்டு அளவில் அண்ணன் சொல்வது சரி.

அப்ப கேட்டவங்க இன்னா சொன்னாங்க? செருப்பு வுட்டாங்களா?

அவ்வளவு இல்லை. ஆனால் குழம்பினார்கள். ஆல்பம் வருவதற்கு முன்பே, 1982ல், புதுக் குழுவோடு ஐரோப்பா முழுக்கச் சுற்றினார். கறுப்புக் கண்ணாடி, தலையில் மாட்டிய மைக். பக்கத்தில் குழுவின் கிடார்க்காரர் நில்ஸ் லாஃப்கிரனும் வோகோடரில் பதில் பாடுவார். பழைய பாட்டுக்காக டிக்கெட் வாங்கி வந்தவர்கள் அதுவரை கேட்டிராத பாட்டை, அதுவரை கேட்டிராத குரலில் கேட்டார்கள். பெர்லின் கச்சேரி படமாக்கப்பட்டிருக்கிறது, தேடினால் கிடைக்கும். பாட்டைவிடக் கூட்டத்தின் முகத்தைப் பாருங்கள்.

விற்பனையில் படுதோல்வி என்று சொல்வது தப்பு. அமெரிக்கப் பட்டியலில் 19ஆம் இடம் வரை வந்தது. பெயருக்காக வாங்கினார்கள், ஒரு தரம் போட்டார்கள், அலமாரியில் வைத்தார்கள். அப்போது மகன் விஷயத்தை அவர் வெளியே பேசவே இல்லை என்பதை மறக்கக்கூடாது. 1983ல் கேட்டவருக்குக் காதில் விழுந்தது, நாட்டுப்புறப் பாடகர் ஒருவர் ஃபேஷனுக்காக ரோபோ வேஷம் கட்டியது மட்டும்தான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கம்பெனியே அவர் மேல கேஸ் போட்டுச்சாமே, நிஜமா?

நிஜம். 1983 கடைசியில் 33 லட்சம் டாலர் கேட்டு வழக்கு. வியாபாரத்துக்கு ஆகாத, நீல் யங் பாணியே இல்லாத இசையைக் கொடுக்கிறார் என்பது புகார். சுருக்கமாகச் சொன்னால், நீல் யங் நீல் யங் மாதிரி இல்லை என்று வழக்கு. இத்தனைக்கும் ஒப்பந்தத்தில் என்ன இசை செய்வது என்பது முழுக்க அவர் இஷ்டம் என்று இருந்தது.

வழக்குக்கு ‘டிரான்ஸ்’ மட்டும் காரணம் இல்லை. அடுத்து அவர் ‘கன்ட்ரி’ என்கிற அமெரிக்கக் கிராமியப் பாணியில் ஆல்பம் ஒன்றைக் கொண்டுபோனார். வேண்டாம், ராக் அண்ட் ரோல் கொடு என்றார்கள். ராக் அண்ட் ரோல்தானே என்று 1950கள் பாணியில், மொத்தமே 25 நிமிஷம் ஓடுகிற ஒரு ஆல்பம் கொடுத்தார். வீம்பு என்றால் அது வீம்பு. அவரும் 2 கோடியே 10 லட்சம் டாலர் கேட்டு எதிர்வழக்கு போட்டார். கடைசியில் சமாதானமானது, கம்பெனி முதலாளி டேவிட் ஜெஃபன் மன்னிப்பும் கேட்டார்.

இது ஜெர்மன்காரன் கிராஃப்ட்வெர்க்கை அப்படியே அடிச்சது தானே?

கேட்டார், பிடித்தது, பாதிப்பு உண்டு. கிராஃப்ட்வெர்க் குழுவின் கம்ப்யூட்டர் பற்றிய ஆல்பம் 1981ல் வந்தது. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். ஜெர்மன்காரர்கள் மெஷினோடு மெஷினாக ஒத்துப்போனவர்கள். தாளம் இம்மி பிசகாது, குரலில் ஆசையும் இல்லை, வருத்தமும் இல்லை. அது அவர்கள் வித்தை.

‘டிரான்ஸ்’ஸில் ஆள் மெஷினுக்குள் அடைபட்டிருக்கிறார். ‘கம்ப்யூட்டர் ஏஜ்’ பாட்டில் வோகோடருக்குப் பின்னால் எலக்ட்ரிக் கிடார் கத்திக்கொண்டே இருக்கும். இந்தப் பாட்டுகளைத் தன் பழைய கிரேஸி ஹார்ஸ் ஆட்களோடுதான் அவர் தொடங்கினார்; சின்கிளாவியர் என்ற விலையுயர்ந்த டிஜிட்டல் கீபோர்டும் வோகோடரும் மேலே வந்து ஏறிக்கொண்டன. அதனால் அடியில் மனிதர் வாசித்த தடுமாற்றம் கொஞ்சம் இருக்கிறது. நடனமாட வருகிறவர்களுக்கு அது குறை. எனக்கு அதுதான் பிடிக்கிறது.

1989ல் பல குழுக்கள் நீல் யங் பாட்டுகளைத் திரும்பப் பாடிய தொகுப்பு ஒன்றில் சோனிக் யூத் குழு ‘கம்ப்யூட்டர் ஏஜ்’ பாட்டை வெறும் கிடார் இரைச்சலில் திரும்பப் பாடியது. அதைக் கேட்டால் இந்தப் பாட்டின் எலும்பு ராக் என்பது விளங்கிவிடும்.

எங்க ராஜா சார் இதெல்லாம் எப்பவோ பண்ணிட்டாரே?

அவர் கம்ப்யூட்டர் வைத்து இசை போட்ட ‘புன்னகை மன்னன்’ 1986. தேதி பார்த்தால் இது முந்தி. தவிர ராஜா சார் மெஷினை வாத்தியமாக வைத்துக்கொண்டார், பாடகர்களின் குரலை அப்படியே விட்டார். இங்கே மெஷினுக்குள் போனது குரல். ஒப்பிட வேண்டிய விஷயமே இல்லை. ஆனாலும் மாதம் ஒரு தடவையாவது யாராவது ஒப்பிட்டுவிடுகிறார்கள்.

கதை தெரிஞ்சப்புறம்தான் பாட்டு பிடிக்குதுன்னா, பாட்டு தோத்துப்போச்சுன்னு தானே அர்த்தம்?

இதற்கு என்னிடம் சுத்தமான பதில் இல்லை, ஆனால் பதில் இருக்கிறது. ‘வீ ஆர் இன் கன்ட்ரோல்’ மாதிரிப் பாட்டுக்குக் கதை எதுவும் செய்வதில்லை. மகன் விஷயம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அது பாதி வெந்த பாட்டுதான். மகன் பெயரைச் சொல்லி எல்லாப் பாட்டையும் தூக்கி நிறுத்துகிறவர்களோடு நான் சேரமாட்டேன்.

‘டிரான்ஸ்ஃபார்மர் மேன்’ வேறு. கதை தெரியாமலே ஒருவர் அதைத் தாலாட்டு என்றார் என்று மேலே எழுதினேன். பாட்டு தன் வேலையை மெட்டிலேயே செய்கிறது. கதை செய்வது, இரண்டாம் தடவை போட வைப்பது. நம் ஊரில் கீர்த்தனைக்கும் கூத்துக்கும் கதை முன்னமே தெரிந்துதான் போய் உட்காருகிறோம். அதனால் பாட்டு தோற்றது என்று யாரும் சொல்வதில்லை. நீல் யங்கின் சிக்கல், கதையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு பாட்டை மட்டும் வெளியே விட்டது.

பெத்த புள்ள கஷ்டத்தை வச்சு ஆல்பம் போட்டு விக்கலாமா? எனக்கு ஒப்பல.

கடைக்கார அண்ணனின் சம்சாரம் கேட்டது. விற்பதற்காக வைத்திருந்தால் அட்டையிலேயே சொல்லியிருப்பார் அக்கா. சொல்லியிருந்தால் ஆல்பம் பிழைத்திருக்கும். வருஷக்கணக்கில் வாயே திறக்கவில்லை, ஏச்சு வாங்கினார், வழக்கையும் வாங்கினார்.

1986ல் அவர் மனைவி பெகி யங் மற்றவர்களோடு சேர்ந்து கலிஃபோர்னியாவில் பிரிட்ஜ் ஸ்கூல் தொடங்கினார். பேச்சு இல்லாத, உடல் வசமில்லாத பிள்ளைகளுக்கான பள்ளி. அதற்குப் பணம் திரட்ட 2016 வரை கச்சேரிகள் நடந்தன. மேடையில் பாடகர்களுக்குப் பின்னால் அந்தப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். சோனிக் யூத் பாடியதாகச் சொன்னேனே, அந்தத் தொகுப்பின் வருமானத்திலும் ஒரு பங்கு அந்தப் பள்ளிக்குத்தான்.

எங்க பொண்ணுக்கும் பேச்சு வராது. இதைக் கேட்டா எனக்கு அழுகை வரல, கோவம்தான் வருது. ஏன்?

திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து சிகிச்சைக்கு வந்து, இங்கே வாடகைக்கு அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு அம்மா கேட்டது. வந்திருந்தவர்களில் யாரும் இதற்குப் பதில் சொல்லத் துணியவில்லை. அவரே சொன்னார்: “எம் பொண்ணு மெஷின் மாதிரி பேசமாட்டா சார். சத்தம் போடுவா. பசின்னா ஒரு சத்தம், தூக்கம்னா ஒரு சத்தம். எனக்குப் புரியும். அந்த ஆளுக்குப் புரியலைன்னா அவர் ரோபோவா ஆக்கிடுவாரா?”

அந்தக் கோபத்தை நான் தணிக்கப் போவதில்லை, ஏனென்றால் அது ஆல்பத்தின் சரியான இடத்தில் போய்க் குத்துகிறது. இது பேசமுடியாத பிள்ளையின் பக்கத்திலிருந்து பாடியது இல்லை. புரிந்துகொள்ள முடியாத அப்பாவின் பக்கத்திலிருந்து பாடியது. பிள்ளைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று ஆல்பம் ஒரு வரிகூடச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. மெஷின் குரல் பிள்ளையின் குரல் என்று எடுத்துக்கொண்டால் கோபம் வரத்தான் வேண்டும். இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும் தடுப்பு என்று எடுத்துக்கொண்டால் வேறு மாதிரிக் கேட்கும். அந்த அம்மா இந்த விளக்கத்தை ஏற்றுக்கொள்ளவில்லை.

ஒன்று சேர்த்துச் சொல்லவேண்டும். இன்றைக்குப் படத்தைத் தொட்டால் பேசுகிற செயலிகள் வந்துவிட்டன. சென்னையில் உருவான ஆவாஸ் அப்படிப்பட்டது, தமிழிலும் பேசும். 1982ல் ஒரு பெட்டி நிறைய மெஷினை வைத்துக்கொண்டு அவர் முட்டிமோதியது எதற்கோ, அதை ஒரு டேப்லெட் ஓரளவுக்குச் செய்கிறது. அந்த அம்மாவின் பெண்ணும் அதில் பழகிக்கொண்டிருந்தாள்.

போன்லயே கேக்கலாமா? எதுல கேட்டா நல்லாருக்கும்?

போன் ஸ்பீக்கரில் வேண்டாம். புரியாத வார்த்தை இன்னும் புரியாமல் போகும், அடியில் ஓடும் பேஸ் கிடார் காணாமலே போகும். நூறு ரூபாய் இயர்போன்கூடத் தேவலை. ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கிறது.

பழைய இசைத்தட்டு கையில் கிடைத்தால் அட்டையைப் பாருங்கள். ‘இஃப் யூ காட் லவ்’ என்று ஒரு பாட்டு அச்சிட்டிருக்கும், தட்டில் இருக்காது. கடைசி நேரத்தில் தூக்கிவிட்டார்கள், அட்டை அதற்குள் அச்சாகிவிட்டது. உங்கள் தட்டில் கீறல் இல்லை, பயப்படாதீர்கள். பின்னால் ஐரோப்பாவில் வந்த சிடியில் ‘சாம்பிள் அண்ட் ஹோல்ட்’ எட்டு நிமிஷம் ஓடும். தட்டிலிருப்பது ஐந்து. ஐந்தே போதும்.

யூடியூப்ல அதே ‘டிரான்ஸ்ஃபார்மர் மேன்’ வெறும் கிடார்ல கீதே, அதை மொதல்ல கேட்டா ஈஸியா இருக்காதா?

1993ல் எம்டிவி அன்ப்ளக்ட் நிகழ்ச்சியில் வோகோடர் இல்லாமல் பாடியது அது. மரக் கிடார், சொந்தக் குரல், பின்னால் கோரஸ். ஒவ்வொரு வார்த்தையும் புரிகிறது. பத்து வருஷம் கழித்துத்தான் நிறையப் பேருக்கு இந்தப் பாட்டு இருப்பதே தெரியவந்தது. அதைக் கேட்டவர்கள் எங்கள் அறையில் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: இதையே முதலில் இப்படிப் பாடியிருக்கக்கூடாதா?

ஈஸியாகத்தான் இருக்கும். ஆனாலும் நான் 1983ஐத்தான் முதலில் போடுகிறேன். அன்ப்ளக்டை முதலில் கேட்டவருக்கு மெஷின் வடிவம் கெட்டுப்போன பிரதி மாதிரித் தெரிகிறது. வரி முன்னமே தெரிந்திருப்பதால் அதைப் பிடிக்க அவர் காது மெனக்கெடுவதில்லை. மெஷினை முதலில் கேட்டவர் மூன்றரை நிமிஷம் வார்த்தையைத் தேடிக் கழுத்தை நீட்டுகிறார். கொயர் அக்கா மட்டும் இதில் என் கட்சி இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் போடாதே, நடுவில் டீ குடு என்பார். இப்போது அப்படித்தான் செய்கிறோம்.